கழிவில் பொருள் செய்து விற்கச் சொல்கிறார்கள், நம்ம பக்கம் எது ஓடும்?

சேரை செல்வி

வணக்கம். சேரன்மாதேவிப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு மகளிர் குழு இருக்கிறது. பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், மீதிப் பேர் வாழைத் தோட்டத்துக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள். பீடி வேலை வரவரச் சுருங்கிக்கொண்டே போகிறது. போன கூட்டத்தில், கழிவுப் பொருளை வைத்து ஏதாவது செய்து விற்கலாமே என்று பேச்சு வந்தது. பயிற்சி கொடுக்க வந்த ஒரு அம்மா பாட்டிலை வெட்டிப் பூந்தொட்டி, பழைய சிடியில் சுவர்க்கடிகாரம், ஐஸ்குச்சியில் பொம்மை வீடு என்று செய்து காட்டிவிட்டுப் போனார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? நானே வாங்க மாட்டேன்.

எங்களைச் சுற்றிக் கிடைப்பவை: வாழை மட்டை, வாழைச் சருகு, தேங்காய் மட்டை, சிரட்டை, பீடி இலை வெட்டிய துண்டு, பழைய சேலை, உரச்சாக்கு, கடைக்குப் பெட்டி கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டை. தேர்தல் வந்து போனால் பிளக்ஸ் மலைபோல் கிடக்கும். மிஷின் வாங்கக் கையில் பணம் கிடையாது. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்ததைச் சொல்ல வேண்டாம், அதை நாங்களே பார்த்துவிட்டோம்.

பாளை டீச்சர்

செல்வி, முதலில் அந்த பாட்டில் பூந்தொட்டியை விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வருஷா வருஷம் பார்க்கிறேன். பெயிண்ட் அடித்து, மினுமினுப்புத் தூள் ஒட்டி வைப்பார்கள், கண்காட்சி முடிந்த மறுநாள் அது குப்பைத்தொட்டியில் இருக்கும். வெறும் பாட்டிலாக இருந்தாலாவது பழைய பேப்பர்காரர் எடுத்துப்போவார். பெயிண்டும் பசையும் ஏறிய பாட்டிலை அவரும் தொட மாட்டார்.

களக்காட்டு வாழை

வாழை பற்றி நான் சொல்கிறேன், பரம்பரையாக ஏத்தன் வாழை போடுகிற வீடு. ஒரு வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். குலையை வெட்டினால் தண்டையும் சாய்க்க வேண்டியதுதான். பக்கக் கன்றுக்கு உரமாகட்டும் என்று சிலர் தோட்டத்திலேயே நறுக்கிப் போடுவார்கள், பலர் வரப்பில் தள்ளிவிடுவார்கள். அதனால் சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் வாழைநாரில் புடவை, பை, தொப்பி என்று பத்திரிகையில் வருவதை நம்பி இறங்காதீர்கள். தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வண்டி நிறையத் தண்டு ஏற்றிப் போனால் கையில் நிற்கும் நார் கொஞ்சம்தான். அந்த வெள்ளை நாரை உருவ மிஷின் வேண்டும், கரண்ட் வேண்டும், வெட்டிய ஓரிரு நாளில் உருவி முடிக்கவும் வேண்டும். தாமதித்தால் நார் பழுப்பேறிவிடும். மிச்சமாகும் சாற்றையும் சக்கையையும் எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி. கறை பட்ட துணி கறை பட்டதுதான், எந்த சோப்புக்கும் மசியாது.

மிஷின் இல்லாமல் முடிகிற வேலை ஒன்று உண்டு. மட்டையை உரித்து, வெயிலில் காயவைத்து, கிழித்துக் கட்டுக்கட்டாகப் பூக்கடைக்குக் கொடுப்பது. பூ கட்ட அந்த நார் இன்றைக்கும் போகிறது. நனைத்தால் நூல்போல் வளையும், காம்பை அறுக்காது. அப்புறம் சருகு. நன்றாகக் காய்ந்த, கிழியாத சருகை அடுக்கிக் கொடுத்தால் மாலைக்காரர்களும் பொட்டலம் மடிக்கிறவர்களும் வாங்குகிறார்கள். பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன், முதல் போட வேண்டாம் என்பதுதான் இதில் உள்ள வசதி.

ஒரு எச்சரிக்கை. வாழைத் தோட்டத்தில் கிடக்கிற பூச்சிமருந்து டப்பாக்களை எதற்கும் எடுக்காதீர்கள். கெட்டியாக இருக்கிறது, மூடி நன்றாக மூடுகிறது என்று எண்ணெய் ஊற்றவும் தண்ணீர் பிடிக்கவும் கொண்டு போகிற வீடுகள் இருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அந்த பிளாஸ்டிக் மருந்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். ஓட்டை போட்டு ஒதுக்க வேண்டிய சாமான் அது.

முக்கூடல்காரி

நானும் பீடி சுற்றுகிறவள்தான். இலைத் துண்டை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். எங்கள் பக்கம் அடுப்பு பற்றவைக்க, வெந்நீர் போட, அவ்வளவுதான். நன்றாகத் தீப்பிடிக்கும், சீக்கிரமே அணைந்தும் போகும். தகடு வைத்து வெட்டின மிச்சம் என்பதால் ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுதான் இருக்கும், அதில் பின்னவோ தைக்கவோ எதுவும் ஓடாது. தொழு உரக் குழியில் போட்டால் மக்கும். ஆனால் கூட்டிப் பெருக்கும்போது தூள், அதாவது புகையிலை, அதோடு சேர்ந்து போகாமல் பார்த்துக்கொள். முறத்தில் போட்டுப் புடைத்தாலே பிரிந்துவிடும்.

வேறு ஒன்று சொல்கிறேன். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே இன்னொரு வேலையும் பார்க்க முடியாது. கூலி குறைகிறது என்று நீயே சொல்கிறாய், அப்படியானால் புது வேலை எந்த நேரத்தில் நடக்கும்? ராத்திரி சமையல் முடிந்த பிறகா? குழுக்காரர்கள் முதலில் இதைப் பேசி முடிக்க வேண்டும். எது ஓடும் என்பது அதற்கப்புறம்.

சேரை செல்வி

அக்கா சொல்வது சரிதான். எங்களுக்குச் சாயந்திரம் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலை என்றால்தான். பின்னல் மாதிரி ஏதாவது இருந்தால் டிவி பார்த்துக்கொண்டே கூடச் செய்துவிடுவார்கள்.

வடலி

பின்னல் என்றதும் வந்துவிட்டேன். உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். பனை இருக்கும்போது பிளாஸ்டிக் பட்டையை ஏன் தேட வேண்டும்? எங்கள் ஆச்சி காலத்தில் ஒரு பனையில் வீசுகிற பொருள் என்று எதுவும் கிடையாது. குருத்தோலையில் கொட்டான் என்கிற சின்னக் கூடையும் பெட்டியும், முற்றிய ஓலையில் கூரை, மட்டையில் உரித்த நாரில் கடகம், ஈர்க்கில் வாரியல், காய்ந்து விழுகிற காவோலை அடுப்புக்கு. பதநீர் குடிக்கிற பட்டையும் ஓலைதான், குடித்து முடித்தால் ஆடு தின்றுவிடும். மணப்பாட்டில் பெண்கள் இன்றைக்கும் ஓலையில் பெட்டி, தட்டு, பை என்று பின்னி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கருப்பட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

களக்காட்டு வாழை

வடலி அண்ணாச்சி, ஓலை யார் வெட்டித் தருவார்கள்? பனையேறிகள் எத்தனை பேர் மிச்சம்? செல்வியின் குழு சேரன்மாதேவிப் பக்கம் இருக்கிறது. ஆற்றுப்பாசனம், நெல், வாழை. பனை அங்கே வரப்பில் ஒன்றிரண்டுதான் நிற்கும். திருச்செந்தூர்த் தேரிக்காட்டில் நடக்கிறது எல்லாம் ஆற்றங்கரையில் நடந்துவிடுமா?

வடலி

ஆள் பஞ்சம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குருத்தோலைக்கு உயர்ந்த பனையில் ஏற வேண்டியதில்லை. ஆள் உயரத்து வடலியில், அதாவது இளம் பனையில், தரையில் நின்றே வெட்டலாம், குருத்தை மொட்டையடிக்காமல் வெட்டத் தெரிந்தால் போதும். எங்கள் பக்கத்திலிருந்து காய்ந்த ஓலைக் கட்டை பஸ்ஸில் போட்டுவிடலாம், கனமே இருக்காது. மாநில மரம் என்று பெயருக்கு வைத்திருந்தார்கள், 2021 வேளாண் பட்ஜெட்டில்தான் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். மரத்தைக் காப்பாற்றிவிட்டு ஓலையை யாரும் தொடவில்லை என்றால், அடுத்த தலைமுறைக்கு அந்த மரம் நிழல்கூடத் தராத ஒரு கம்பமாகத்தான் தெரியும்.

பத்தமடை மருமகள்

அண்ணாச்சியின் வருத்தம் புரிகிறது. ஆனால் செல்வி கேட்டது கழிவைப் பற்றி. குருத்தோலை கழிவு இல்லையே, மரத்திலிருந்து வெட்டி எடுக்கிற நல்ல சரக்கு. அதற்கென்று கைப்பழக்கம் வேண்டும்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பாய்க்குப் பேர்போன ஊர். ஆற்றோரக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துக் கீறி, அதற்கப்புறம்தான் தறிக்கே போகும். மெல்லிசுப் பாய் என்றால் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பாயைப் பார்த்துவிட்டு, ‘பிளாஸ்டிக் பாய் இதில் கால் விலைக்குக் கிடைக்கிறதே’ என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆகவே கைவேலை, இயற்கை என்றெல்லாம் சொன்னால் ஜனம் வாங்கிவிடும் என்று நம்பி ஆரம்பிக்க வேண்டாம். கல்யாணச் சீருக்கும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பரிசாகக் கொண்டுபோகவும்தான் பட்டுப் பாய் போகிறது. தினம் விரித்துப் படுக்க எங்கள் வீட்டிலேயே பிளாஸ்டிக் பாய்தான் கிடக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

பட்டைக் கூடை நான் பின்னுவேன். துணிக்கடை, பாத்திரக்கடை, டைல்ஸ் கடைப் பின்பக்கம் போனால் பெட்டி கட்டின பட்டை சும்மாவே கிடைக்கும். இரண்டு வகை வரும். மஞ்சள், வெள்ளை, நீலத்தில் மெதுவாக இருப்பது ஒன்று, பச்சையாக விறைப்பாக இருப்பது இன்னொன்று. பச்சைப் பட்டை கையை அறுக்கும், ஆனால் கனமான பாரம் தாங்கும். வெங்காயம், தேங்காய் போட அதில் பின்னிய கூடைதான் லாயக்கு. ஒயர் கூடைக்கு ஒயர் விலை கொடுத்து வாங்க வேண்டும், இதில் உங்கள் கையுழைப்பு மட்டும்தான் முதல்.

பாளை டீச்சர்

பத்தமடை அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அந்த மெதுவான பட்டை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். வீட்டுக்குள் இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ வெயிலில் போட்டுவிட்டால் நிறம் வெளுத்து, மொறுமொறுவென்று ஆகி, தொட்டால் பொடியாக உதிரும். அந்தப் பொடியைப் பொறுக்கவே முடியாது, மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். அதனால் விற்கும்போதே ‘வெயிலில் போடாதீர்கள், இற்றுப்போக ஆரம்பித்தால் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள்’ என்று சொல்லி விற்கலாம். திரும்பி வந்ததைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம்.

பிளக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பாலியஸ்டர் வலைத்துணிக்கு மேல் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய சமாச்சாரம். வைக்கோல் படப்புக்கு மேல் போர்த்தலாம், மாட்டுத் தொழுவத்தில் சாரல் அடிக்காமல் தொங்கவிடலாம். அதில் நெல், மிளகாய், வத்தல் காயப்போடுவதைத் தெருத்தெருவாகப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பிவிசியை மெதுவாக்கச் சேர்க்கிற ரசாயனங்களும் அச்சு மையும் சூட்டில் கசியும். பழசானதும் எரிக்கவும் கூடாது. எரித்தால் அமில வாயுவும் டையாக்சின் என்ற விஷமும் வரும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் சாலை முறையிலேயே பிவிசிக்கு இடம் கிடையாது. கேரி பேக், கப் போன்றவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, 160, 170 டிகிரிக்குச் சுட்ட ஜல்லி மேல் தூவினால் அது உருகிக் கல்லைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் தார் ஊற்றுவார்கள். அந்தச் சூடே பிவிசிக்கு ஆகாது என்றால் அடுப்பில் போடுவது எப்படி ஆகும்?

உவரிக்காரன்

கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கிழிந்த நைலான் வலை எங்களிடம் ஏராளம். கோழிக்கூட்டுக்கு, பாகல் பந்தலுக்கு, கத்தரிப் பாத்தியில் ஆடு மேயாமல் இருக்க என்று உள்ளூர்க்காரர்கள் எடுத்துப்போகிறார்கள். வேண்டும் என்றால் குழுவுக்கும் தரலாம். ஒன்று மட்டும். தரையோடு தரையாக வேலி கட்டினால் சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டு செத்துப்போகும், எலி பெருகும். ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள்.

பேட்டை மெக்கானிக்

எல்லாரும் கூடை, பெட்டி என்றே பேசுகிறீர்கள். எனக்குத் தினம் வேண்டியது துணி. கை துடைக்க, இன்ஜின் துடைக்க, ஆயில் ஒற்றி எடுக்க. பனியன் வேஸ்ட் என்று மூட்டையாக வெளியூரிலிருந்து வருகிறது, கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறேன். பேட்டையிலும் பைபாஸிலும் எத்தனை ஒர்க்‌ஷாப், எத்தனை லேத் பட்டறை என்று எண்ணிப் பாருங்கள். பழைய காட்டன் சேலை, வேட்டி, லுங்கியைக் கையகலத்துக்கு வெட்டி, பட்டன் ஊக்கு இல்லாமல் கட்டிக் கொடுத்தால் நான் இங்கேயே வாங்கிக்கொள்வேனே. காட்டனாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் சேலை எண்ணெயை உறிஞ்சாது, தேய்த்துப் பரப்பிவிடும்.

முக்கூடல்காரி

துணி என்றால் பாபநாசத்தில் கிடக்கிறதே மலைமலையாக!

உவரிக்காரன்

அக்கா, தாமிரபரணியில் முழுக்குப் போட்டுப் பாவம் தொலையட்டும் என்று கழற்றி விட்ட துணி அது. அதில் மிதியடி செய்து ஒருத்தர் வீட்டு வாசலில் போடச் சொன்னால் போடுவார்களா?

பேட்டை மெக்கானிக்

வாசலில் போட மாட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. டீசல் டேங்க் துடைக்கிற துணிக்குப் பாவ புண்ணியம் ஏது?

பாளை டீச்சர்

சிரிப்பு வந்தாலும் விஷயம் பெரியது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற ஆறு, மாநில எல்லையைத் தாண்டாத ஆறு. குறை சொல்ல வேறு மாநிலத்தைத் தேட முடியாது. துணியை ஆற்றில் விடுவதால் என்ன, மக்கிவிடும் என்கிறார்கள். அந்தக் காலத்துப் பருத்தி வேட்டி மக்கும். இப்போது விடுகிற துணியில் பெரும்பகுதி பாலியஸ்டர் கலந்தது. பாறை இடுக்கில் சிக்கி, மணல் மூடி, வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். தன்னார்வலர்கள் இழுத்து எடுக்கும்போது வருவது துணி பாதி, சேறு பாதி.

குழு எடுத்துச் செய்கிற வேலையாக இதை நான் சொல்ல மாட்டேன். எடுப்பது, அலசுவது, காயவைப்பது, காட்டனைப் பிரிப்பது எல்லாம் உள்ளாட்சி கூலி கொடுத்து ஆள் வைத்துச் செய்ய வேண்டியது. பிரித்த காட்டன் கைக்கு வந்தால் வெட்டிக் கட்டிக் கொடுப்பதைக் குழு பார்க்கலாம். ஊர்க்குப்பையை அள்ளுவது பெண்களின் சேவை என்று பேசி கூலி இல்லாமல் முடிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

நெறியாளர்

நடுவே இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவு பற்றிய சண்டை அது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளத்துக்காரர்கள் லாரியில் திருப்பி எடுத்துப்போன கதை எல்லாருக்கும் தெரியும், அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூட்டையைப் பிரிக்காதீர்கள், குறிப்பாக வெறுங்கையால்.

களக்காட்டு வாழை

டயர் பற்றி யாரும் பேசவில்லையே. லாரி டியூபில் செய்த கிணற்று வாளி இருந்த வீடு நம்மில் எத்தனை? பாறையில் மோதினாலும் நசுங்காது. இப்போது கிணறும் இல்லை, டியூபும் குறைந்துவிட்டது. டயரைப் பாதியாக அறுத்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி மட்டும் இன்னும் ஓடுகிறது.

பாளை டீச்சர்

அந்தத் தொட்டியை வாரம் ஒரு தடவை கவிழ்த்து, உள்பக்கத்தை வாரியலால் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. 2012-ல் டெங்குவால் கடையநல்லூர் பட்ட பாடு நமக்கு மறக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்த பழைய டயருக்கும் இது பொருந்தும்.

வடலி

என் கட்சிக்கு மறுபடி வருகிறேன். பட்டைக் கூடை பின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தின்பண்டம் வைக்க அது ஆகாது. மிட்டாய்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை வீசும் பிளாஸ்டிக்குத் தடை, ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தும் வருஷங்களாகிவிட்டன, கடைக்காரருக்கும் மாற்று ஒன்று வேண்டியிருக்கிறது. கருப்பட்டி மிட்டாய், சீரணி, முறுக்கு வைக்க ஓலைக் கொட்டான் ஒன்று இருந்தால் பண்டத்துக்கே ஒரு மணம் வரும். கால் கிலோ கொட்டான் பின்னப் பழகுவது கஷ்டமே இல்லை. அதன் ஆயுசு முடிந்தால் மண்ணுக்குப் போய்விடும், திருப்பிக் கொடு, எடைக்குப் போடு என்ற வேலையே இல்லை.

பத்தமடை மருமகள்

கடைக்காரர் ஒரு கொட்டானுக்கு என்ன தருவார் அண்ணாச்சி? அதுதான் கேள்வி. அட்டைப் பெட்டி விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் யோசிப்பார். அல்வாவை அதில் வைக்கவும் முடியாது, நெய் ஊறி ஒழுகிவிடும்.

வடலி

அல்வாவை நான் எங்கே சொன்னேன்? அல்வாவுக்கு உள்ளே வாழை இலை வைத்தால் அன்றைக்குத் தின்று முடிக்கிறவர்களுக்குப் போதும், மறுநாளைக்கு ஆகாது. தினசரி வியாபாரத்துக்குக் கட்டாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கல்யாண வீட்டுத் தாம்பூலத்துக்குப் பிடியுங்கள். அங்கே பிளாஸ்டிக் டப்பா கொடுக்கவே பலர் கூச்சப்பட ஆரம்பித்திருக்கிறார்கள். மொத்தமாக ஆர்டர் வரும், தேதி முன்கூட்டியே தெரியும், சாயந்திர வேலையாகச் செய்து சேர்த்துவிடலாம். மழைக்காலத்தில் மட்டும் பூஞ்சணம் பிடிக்கும். பின்னி முடித்ததும் நல்ல வெயில் காட்டி, மூடாமல் உயரத்தில் வைக்க வேண்டும். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தார்களே, சும்மா இல்லை.

சேரை செல்வி

எல்லாருக்கும் நன்றி. நேற்று குழுவில் இதை வாசித்துக் காட்டினேன். பிளக்ஸும் பூச்சிமருந்து டப்பாவும் கிட்டவே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது (ஒரு வீட்டில் அந்த டப்பாவில்தான் மண்ணெண்ணெய் இருந்தது, இப்போது இல்லை). பாட்டில் தொட்டி ஆதரவாளர் ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

முதலில் துடைக்கிற துணி. எங்கள் தெருவிலேயே மூட்டை மூட்டையாகப் பழைய சேலை இருக்கிறது, வெட்டுவதற்கு பீடிக் கத்தரியே போதும். பேட்டை அண்ணாச்சி, எத்தனை கிலோ, என்ன அளவு, எந்த விலை என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். கிலோ விலை பேசும்போது கொஞ்சம் பெரிய மனசு வையுங்கள். பட்டைக் கூடைக்குப் பத்தமடை அக்கா ஒரு சனிக்கிழமை வந்து கற்றுத்தர முடியுமா? பஸ் காசும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஓலை பற்றிக் குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. வயசான இரண்டு பேர் சின்ன வயதில் பெட்டி முடைந்தவர்களாம், அவர்களுக்கு ஒரே சந்தோஷம். சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள்.

பேட்டை மெக்கானிக்

அனுப்பிவிட்டேன். சரிகை ஓரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், கீறல் விழும். முதல் மூட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து லேத்காரரிடமும் பேசுகிறேன். கடன் கிடையாது, கையில் காசு.

பத்தமடை மருமகள்

சனிக்கிழமை வருகிறேன். பச்சைப் பட்டை கிடைத்தால் எடுத்து வையுங்கள். முறுக்கிச் சுருட்டாமல் நீளமாக அப்படியே வையுங்கள், மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் ஒடியும்.

வடலி

அந்த வயசானவர்கள் இரண்டு பேருக்காக ஒரு கட்டு ஓலை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். காசு வேண்டாம். பின்ன ஆரம்பிக்கும் முன் ஈரத்துணி சுற்றி ஒரு ராத்திரி வைக்கச் சொல். எந்த பஸ், எங்கே இறக்க வேண்டும் என்று மட்டும் எழுது.